துடுப்பு வீரனும் சி.இ.ஓ.வும்: காதல் கதை எழுதுவோரின் கேள்விகளுக்குப் பதில்

போட்டித் துடுப்பு வீரனும் பெரிய நிறுவனத்தின் தலைவனும் காதலிக்கும் கதையை எழுதிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் துடுப்புப் போட்டவன், இப்போது பயிற்சி கொடுப்பவன், தன்பாலீர்ப்பாளன். இந்த வகைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பவன். படகு, உடம்பு, காதல் பற்றிக் கேளுங்கள். பங்குச்சந்தைக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, என் நாயகன் எட்டுப் பேர் படகில் இருக்கிறான். முதல் இரவுக்குப் பிறகு காலைப் பயிற்சிக்குப் போகாமல் காதலனோடு தூங்கிவிடுகிறான். இனிமையான அத்தியாயமாக வரும் இல்லையா?

பதில்: அவர்கள் இரண்டு பேருக்கும் இனிமைதான். ஆனால் கரையில் ஏழு பேரும், படகில் உட்கார்ந்து திசை திருப்பி உத்தரவு சொல்லும் காக்ஸும் காத்துக்கொண்டு நிற்பார்களே! ஒருவன் வராவிட்டால் அன்றைய பயிற்சி போச்சு. இந்த வகைக் கதைகளில் திரும்பத் திரும்ப நான் பார்க்கும் தவறு இது. படகில் இவன் இடம் நிரந்தரமும் இல்லை. ஆள் தேர்வுக்காக நான்கு பேர் படகு இரண்டைப் பந்தயம் விடுவார்கள். பிறகு நடுத்தண்ணீரிலேயே படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டிலிருந்தும் ஒவ்வொருவரை மாற்றி உட்காரவைத்து மறுபடி பந்தயம் விடுவார்கள். யார் மாறியதும் படகு வேகம் எடுக்கிறதோ அவருக்கு இடம். இதற்கு சீட் ரேசிங் என்று பெயர். நேற்று சேர்ந்து சாப்பிட்ட நண்பனின் இடத்தை இன்று பறிக்க வேண்டியிருக்கும். அவன் பயிற்சியைத் தவறவிட்டே ஆக வேண்டும் என்றால் தவறவிடட்டும், ஆனால் அதற்கான விலையை அடுத்த அத்தியாயத்தில் கொடுக்க வையுங்கள். அப்போது அந்தக் காலையின் இனிமைக்கும் கனம் வரும்.

கேள்வி: வீரனின் உடம்பை வர்ணிக்கும்போது தோளையும் புஜத்தையும் தாண்ட முடியவில்லை. வேறு என்ன இருக்கிறது?

பதில்: கால்! சக்தியில் பெரும்பங்கு காலிலிருந்து வருகிறது. இருக்கை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும், வீரன் காலால் உதைத்துத்தான் படகைத் தள்ளுகிறான். அந்த இருக்கை ஓடும் தண்டவாளத்தின் முனை கெண்டைக்காலின் பின்புறம் உரசி உரசி, இரண்டு காலிலும் கோடாகத் தழும்பு விழுந்திருக்கும். இரண்டு துடுப்புப் பிடிப்பவன் என்றால் கைகள் ஒன்றின்மேல் ஒன்று போய்வரும், ஒரு கையின் நகம் மற்றக் கையின் விரல் முட்டியைக் கீறிவிடும். விரல்களின் அடியில் காய்ப்பு, அது உரிந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல். கைகுலுக்கும்போதே அந்த சி.இ.ஓ.வுக்கு இது தெரிந்துவிட வேண்டும். கெண்டைக்கால் தழும்பைப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச நாள் ஆகட்டும்.

கேள்வி: நாயகன் லைட்வெயிட் பிரிவு. 2028 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்குவதோடு கதை முடிகிறது.

பதில்: முடியாது. லைட்வெயிட் பந்தயம் 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கை விட்டுப் போய்விட்டது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் பந்தயத் தூரமும் வழக்கமான 2000 மீட்டர் இல்லை, 1500. கதையை 2024க்கோ அதற்கு முன்னாலோ நகர்த்துங்கள். அப்போது ஆண்களுக்கு உச்ச எடை 72.5 கிலோ, குழுவின் சராசரி 70. பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் முன்பு வரைதான் எடை பார்ப்பார்கள். முந்தைய இரவு காதலன் விருந்துக்கு அழைத்தால் இவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதையே காட்சியாக்குங்கள்.

கேள்வி: பந்தயத்தின் கடைசி நொடியில் எல்லைக்கோட்டருகே காதலன் நிற்பதைப் பார்த்து வேகமெடுக்கிறான்...

பதில்: துடுப்பு வீரன் பின்னோக்கி உட்கார்ந்திருக்கிறான். காதலனைக் கடந்த பிறகுதான் அவன் முகம் தெரியும்.

கேள்வி: சி.இ.ஓ. தனி விமானத்தில் திடீரென்று கடத்திக்கொண்டு போகிறார், யாருக்கும் சொல்லாமல் மூன்று நாள். இதில் பிழை ஏதும் உண்டா சார்?

பதில்: உண்டு, அதோடு ஒரு நல்ல கதையும் உண்டு. ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருக்கும் வீரர், தினமும் காலை 5 முதல் இரவு 11 மணிக்குள் ஒரு மணி நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எங்கே இரவு தங்குகிறார் என்பதும் அதில் உண்டு. சொன்ன இடத்தில் சோதனையாளர் வந்து பார்க்க ஆள் இல்லையென்றால் ஒரு தவறல். 12 மாதத்தில் மூன்று ஆனால் தடை வரும். யாருக்கும் தெரியாமல் காதலிப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று யோசியுங்கள். காதலன் வீட்டில் தங்கினால் அந்த வீட்டு முகவரியைத் தன் கையாலேயே பதிய வேண்டும். விடிகாலையில் மணி அடிக்கிறது. கதவைத் திறப்பது பத்திரிகைகளில் படம் வரும் ஒரு பெரிய மனிதர். சோதனையாளர் வீரரைக் கண்ணைவிட்டு அகலவிட மாட்டார், சிறுநீர் கொடுக்கும்வரை கூடவே இருப்பார். மூன்று பேரும் சமையலறையில் காபியோடு காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை எழுதுங்கள், விமானம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முத்தத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்குவது சினிமாத்தனமா?

பதில்: இல்லை, நடந்திருக்கிறது. டென்னிஸ் வீரர் ரிச்சர்ட் காஸ்கே 2009இல் கொக்கெயினுக்காகச் சிக்கி, முத்தத்தில் வந்தது என்று வாதாடினார், விளையாட்டு நடுவர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: காதலுக்காகக் காலைப் பயிற்சியை விட்டுவிட்டு வருவது போல ஒரு காட்சி...

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். கரையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள்.

கேள்வி: சி.இ.ஓ. நாயகனுக்குப் புதுப் படகு வாங்கிக் கொடுக்கிறார். அங்கேதான் காதல் தொடங்குகிறது.

பதில்: அங்கே தொடங்க வேண்டாம் என்பேன். முதல் சந்திப்பிலேயே ஒருவன் கொடுப்பவன், மற்றவன் வாங்குபவன் என்று ஆகிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு முத்தத்திலும் அந்தப் படகு நடுவில் கிடக்கும். அவன் விருப்பத்தோடுதான் சம்மதித்தானா என்று வாசகர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன் அண்ணா. பணக்காரன் என்பதுதானே இந்த வகைக் கதையின் ருசி? ஆண்-பெண் கதையில் வைரம் வாங்கிக் கொடுத்தால் ரசிக்கிறோம், நம் கதைக்கு மட்டும் பாடமா?

பதில்: ருசியை நானும் விரும்புகிறேன். வாங்கிக் கொடுக்கட்டும், ஆனால் வீரன் மறுத்தாலும் அவன் வாழ்க்கை நிற்கக் கூடாது. அவனுக்கு வேறு படகு கிடைக்கும் என்ற நிலையில் பரிசு பரிசாக இருக்கும். வேறு வழியே இல்லை என்றால் அது கடிவாளம். வைரம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் தொழில் நின்றுவிடாது. படகு இல்லாவிட்டால் இவன் தொழில் நின்றுவிடும்.

கேள்வி: அப்போ கம்பெனியே அணிக்கு ஸ்பான்சர் செய்தால்?

பதில்: இன்னும் மோசம். கம்பெனிப் பணம் பங்குதாரர்களுடையது. காதலன் இருக்கும் அணிக்குப் பணம் போகிறது என்றால் இயக்குநர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, முடிவெடுக்கும் இடத்திலிருந்து அவர் விலக வேண்டும். அணிக்குள்ளே பாருங்கள்: சீட் ரேசிங்கில் நேர்மையாக ஜெயித்தாலும் 'ஸ்பான்சரின் ஆள்' என்ற பேச்சு எழும். ஆனால் இதை மோதலாக வைத்து முழு நாவலையும் கட்டலாம்.

கேள்வி: என் வாடகையை என் காதலன்தான் கட்டுகிறான். நீங்கள் சொல்வதைப் படித்தால் எங்கள் காதல் மட்டம் என்பது போல இருக்கிறது.

பதில்: இல்லை தம்பி, அப்படி நான் நினைக்கவே இல்லை. விளையாடும் காலத்தில் யாரோ ஒருவர் தாங்கிப் பிடிக்காமல் பெரும்பாலான துடுப்பு வீரர்கள் தாக்குப்பிடிக்க முடியாது. பரிசுப் பணம் என்று பெரிதாக ஒன்றும் வருகிற விளையாட்டு இல்லை இது. வாடகையை யார் கட்டுகிறார் என்பதில் ஒன்றுமில்லை. நீ கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் அடுத்த மாத வாடகையை நினைத்துப் பயப்படுகிறாயா? பயமில்லை என்றால் உங்கள் இருவருக்கும் இடையில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பயமின்மையைக் கதைகளில் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கேள்வி: நிஜத்தில் வெளிப்படையாக கே என்று சொன்ன துடுப்பு வீரர்கள் உண்டா?

பதில்: நியூசிலாந்தின் ராபி மேன்சன் 2014இல் வெளிப்படையாகச் சொன்னார். 2017இல் போலந்தின் போஸ்னானில் தனிப் படகில் 2000 மீட்டரை 6 நிமிடம் 30.74 நொடியில் முடித்து உலகச் சிறந்த நேரத்தைப் படைத்தார். 'தெரிந்தால் வேகம் போய்விடும்' என்று பயப்படும் பாத்திரத்துக்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வி: சி.இ.ஓ. ஏன் மறைக்க வேண்டும், இந்தக் காலத்திலும்?

பதில்: 2007இல் பிபி எண்ணெய் நிறுவனத் தலைவர் ஜான் பிரவுன், முன்னாள் காதலரின் பேட்டி பத்திரிகையில் வராமல் தடுக்க நீதிமன்றம் போனார். இருவரும் எப்படிச் சந்தித்தோம் என்பதில் உண்மைக்கு மாறாகச் சொன்னது வெளிவந்து பதவி விலகினார். பதவியைப் பறித்தது காதல் இல்லை, அந்தப் பொய். உங்கள் சி.இ.ஓ.வுக்கும் ஒரு சின்னப் பொய் கொடுங்கள், அது வளரட்டும்.

கேள்வி: பயிற்சிக்கு லீவு போட்டுவிட்டு...

பதில்: எட்டுப் பேர்!

கேள்வி: இருவரும் சேர்ந்து ஒரே படகில் போகும் காட்சி வேண்டும். யார் எங்கே உட்காருவது?

பதில்: இருவர் படகில் வீரன் போ இருக்கையில், அதாவது படகின் முன்முனைப் பக்கம். போகும் திசையைத் திரும்பிப் பார்த்து வழி சொல்வது அவன் வேலை. இருவரும் பின்னோக்கி உட்காருவதால் வீரன் கண்ணெதிரே காதலனின் முதுகு இருக்கும். சி.இ.ஓ.வோ வீரனைப் பார்க்க முடியாது, பின்னாலிருந்து வரும் குரலை மட்டும் கேட்டு இழுக்க வேண்டும். ஊரெல்லாம் உத்தரவு போடுபவர் 'நிறுத்து' என்றால் நிறுத்த வேண்டும். உரையாடலை அங்கே வையுங்கள், நிறைய வேலை தானாக நடக்கும். ஆனால் முதல் நாளே இந்தக் காட்சி வேண்டாம். அதற்கு முன் அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டிருக்க வேண்டும், படகு கவிழ்ந்தால் அதோடு பொருத்திய ஷூவிலிருந்து எப்படிக் காலை உருவுவது என்று கரையிலேயே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். புதியவர் துடுப்பின் கைப்பிடியை விட்டுவிட்டால் படகு கவிழும், அவரும் விட்டுவிடத்தான் செய்வார்.