கோல்ஃப் விதித் தேர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விதித் தேர்வு எழுதப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பல வருஷமாக ஆடுகிறேன். போட்டி நடக்கும்போது விதியில் சந்தேகம் வந்தால் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டுமா?

மற்றவர்களைவிட நீங்கள்தான் அதிகம் படிக்க வேண்டியிருக்கும். 2019-ல் விதிகளைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். 34 விதிகள் 24 ஆயின. பந்தைத் தேடும் நேரம் 5 நிமிஷத்திலிருந்து 3 ஆனது. தோள் உயரத்திலிருந்து போட்ட டிராப் (பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆட்டத்தில் சேர்ப்பது) முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. ஒரே வீச்சில் தற்செயலாகப் பந்து இரண்டு முறை பட்டால் இருந்த பெனால்டியும் (தண்டனையாகக் கூட்டும் ஸ்ட்ரோக்) போய்விட்டது. 2023-ல் மறுபடி கை வைத்தார்கள். மாற்றுத்திறனாளி வீரர்களுக்கென 25-ஆம் விதி சேர்ந்தது. ஆட்டத்தின் நடுவே சேதமான கிளப்பை, கோபத்தில் நீங்களே உடைக்காத வரை, மாற்றிக்கொள்ளலாம் என்றானது. ஹோலுக்கு நேர்கோட்டில் பின்னே போய் டிராப் செய்யும் முறையும் மாறியது: பந்து அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும், விழுந்த இடத்திலிருந்து எந்தத் திசையிலும் ஒரு கிளப் நீளத்துக்குள் நின்றால் சரி.

கேள்வித்தாள் தயாரிப்பவருக்கு இந்த மாற்றங்கள் எல்லாம் அத்துப்படி. பழைய விடை நான்கில் ஒன்றாக அங்கே காத்திருக்கும்.

கேள்வி: வீரர்களுக்கான சிறிய பதிப்பு கையில் இருக்கிறது. அது போதாதா?

ஆடுவதற்குப் போதும், தேர்வுக்குப் போதாது. முழு விதிகளைப் படியுங்கள். மேல்நிலைத் தேர்வு என்றால் விளக்கங்களும் கமிட்டி நடைமுறைகளும் அடங்கிய அதிகாரபூர்வ வழிகாட்டியும் வேண்டும். முதலில் பின்பக்கம் இருக்கும் வரையறைகளில் தொடங்குங்கள். ‘புட்டிங் கிரீன்’ என்றால் நீங்கள் இப்போது ஆடும் ஹோலின் கிரீன் மட்டும்தான். பக்கத்து ஹோலின் கிரீன் விதியின் கண்ணில் பொதுப் பகுதியில் (பங்கர் எனும் மணல் குழி போன்ற தனிப் பகுதிகள் தவிர்த்த மைதானம்) சேர்ந்தது. இது தெரியாதவர் அங்கே கிடக்கும் பந்தைப் புட்டிங் கிரீன் பந்தாகவே நினைத்துத் தப்பான விடையில்தான் போய் நிற்பார்.

கேள்வி: நீளமான கேள்வி வந்தால் தலை சுற்றுகிறது, சார். எங்கிருந்து பிடிப்பது?

மூன்று விஷயத்தை முதலில் பென்சிலால் வட்டமிடுங்கள். மேட்ச் பிளேயா (ஹோல் ஹோலாக வெல்வது), ஸ்ட்ரோக் பிளேயா (மொத்த ஸ்ட்ரோக்குகளை எண்ணுவது)? பந்து எந்தப் பகுதியில் கிடந்தது? அடுத்த ஸ்ட்ரோக் அடித்தாயிற்றா, இல்லையா?

ஒரு உதாரணம். ஸ்ட்ரோக் பிளே. பொதுப் பகுதியில் கண்ணெதிரே கிடக்கும் தன் பந்தை நோக்கி வருகிற வீராங்கனை, தெரியாமல் அதைக் காலால் தட்டிவிடுகிறார். பந்து ஒரு அடி நகர்கிறது. அவர் அதை இருந்த இடத்தில் திரும்ப வைத்து ஆடினால் 1 பெனால்டி. வைக்காமல் நகர்ந்த இடத்திலிருந்தே அடித்துவிட்டால்? நகர்த்தியதற்கு 1, தவறான இடத்திலிருந்து ஆடியதற்கு 2, ஆக 3 என்று கூட்டத் தோன்றும். கூட்டக் கூடாது. இரண்டு மீறலுக்கும் நடுவே வேறு எதுவும் குறுக்கிடவில்லை, அதனால் பெரிய பெனால்டி மட்டும்: மொத்தம் 2.

இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். பந்தைத் ‘தேடும்போது’ தட்டினார் என்றால் நகர்த்தியதற்குப் பெனால்டி இல்லை. ‘புட்டிங் கிரீனில்’ தற்செயலாகத் தட்டினாலும் இல்லை. உடனே 0 என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். பந்தைத் திரும்ப வைத்தாரா என்று கேள்வியின் கடைசி வரியில் இருக்கும். வைக்காமல் அடித்திருந்தால் அங்கேயும் 2-தான். மேட்ச் பிளே என்று போட்டிருந்தால் ஹோலே போயிற்று.

பழைய கேள்வித்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பதைவிட, ஒரே கேள்வியை இப்படி நான்கு விதமாக மாற்றிப் போட்டுப் பார்ப்பது பலன் தரும் என்பது என் கட்சி.

கேள்வி: ரிலீஃப் (பந்தை வேறு இடத்துக்கு மாற்றி ஆடும் அனுமதி) எடுக்கும்போது ஒரு கிளப் நீளமா, இரண்டா? எப்போதும் குழம்புகிறேன்.

பெனால்டியோடு பக்கவாட்டில் எடுக்கும் ரிலீஃபுக்கு, அதாவது சிவப்புப் பெனால்டி ஏரியாவுக்கும் (சிவப்பில் குறியிட்ட, தண்ணீர் போன்ற பகுதி) ஆட முடியாத பந்துக்கும், இரண்டு. மற்றதெல்லாம் ஒன்று. அளக்கும் கிளப் பையில் இருப்பதிலேயே நீளமானது. புட்டர் கணக்கில் வராது.

கேள்வி: மேட்ச் பிளே கேள்விகளில்தான் மதிப்பெண் போகிறது. ஏன்?

வாரா வாரம் ஸ்ட்ரோக் பிளேயே ஆடுகிறோம், அதனால்தான். வித்தியாசங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். டீயிங் ஏரியாவுக்கு (ஹோலைத் தொடங்கும் இடம்) வெளியிலிருந்து அடித்தால் ஸ்ட்ரோக் பிளேயில் 2 பெனால்டி, திருத்தியே ஆக வேண்டும்; மேட்ச் பிளேயில் பெனால்டி இல்லை, ஆனால் எதிராளி நினைத்தால் அந்த ஸ்ட்ரோக்கை ரத்து செய்யலாம். (நல்ல ஷாட்டாக இருந்தால்தான் ரத்து செய்வார் என்று சொல்லவும் வேண்டுமா!) விதி தெரியாமல் தடுமாறும்போது இரண்டு பந்தாக ஆடிவிட்டுக் கமிட்டியிடம் கேட்பது ஸ்ட்ரோக் பிளேக்கு மட்டும் உள்ள சலுகை. விட்டுக்கொடுத்த புட்டைத் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: புத்தகம் பார்த்து எழுதும் பகுதியும் உண்டாமே. அப்படியென்றால் மனப்பாடம் எதற்கு?

நேரம் ஓடும். எந்த விதியில் எது இருக்கிறது என்பதாவது விரல் நுனியில் இருக்க வேண்டும்: பங்கருக்கு 12, டிராப் போடுவதற்கு 14, பெனால்டி ஏரியாவுக்கு 17, தொலைந்த பந்துக்கு 18, ஆட முடியாத பந்துக்கு 19.

கேள்வி: பழைய சர்ச்சைகளைப் படிப்பது வீண் வேலையா?

வீண் இல்லை, மனதில் ஒட்டும். 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆவது ஹோலில் எடுத்தது 3. அவருடைய ஸ்கோரைக் குறித்துவந்த மார்க்கர் 4 என்று எழுதினார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தச் சுற்றின் மொத்தம் 65 என்பது 66 ஆகி, பிளே-ஆஃப் வாய்ப்பு பறிபோய், பாப் கோல்பி வென்றார். இன்றும் விதி அதேதான்: உண்மையைவிட அதிகமாக எழுதிக் கொடுத்தால் அந்த எண்ணே நிற்கும், குறைவாக எழுதியிருந்தால் பொதுவாகத் தகுதி நீக்கம்.

2013 மாஸ்டர்ஸில் டைகர் உட்ஸின் பந்து 15-ஆவது ஹோலில் கொடிக்கம்பத்தில் பட்டுத் தண்ணீருக்குள் போனது. முன்பு அடித்த இடத்துக்கே திரும்பியவர், அதற்கு இரண்டு கஜம் பின்னால் டிராப் செய்தார். மறுநாள் 2 பெனால்டி சேர்ந்தது. இன்றைய விதியை வைத்து இதைச் சரிபாருங்கள். ரிலீஃப் பகுதி ஒரு கிளப் நீளம். புட்டர் தவிர எந்தக் கிளப்பும் 48 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு கஜம் 72 அங்குலம். இன்றும் அது தவறான இடம்தான்.

கேள்வி: பந்து தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். புரொவிஷனல் (முதல் பந்து கிடைக்காவிட்டால் என்று தற்காலிகமாக அடிக்கும் பந்து) அடிக்கலாமா?

கூடாது. பந்து பெனால்டி ஏரியாவில் இருப்பது ஏறக்குறைய உறுதி என்றால் புரொவிஷனலுக்கு இடமில்லை. அடித்தீர்களானால் அதுதான் இனி உங்கள் பந்து, ஒரு பெனால்டியோடு. வெளியிலும் தொலைந்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டும், வாய்விட்டு அறிவித்துவிட்டு அடிக்கலாம்.

கேள்வி: மாதிரித் தேர்வுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வருகிறது. இனி ஓய்வெடுக்கலாமா?

அந்தத் தொண்ணூறில் எத்தனை குருட்டாம்போக்கில் சரியானவை என்று பாருங்கள். விடைக்குப் பக்கத்தில் விதி எண்ணை எழுத முடியாததை எல்லாம் தவறு என்று கணக்கு வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்.