இன்குபேட்டர் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பத்து சிறுவிடைக் கோழியும் ஒரு சேவலும் வைத்திருக்கிறோம். இணையத்தில் 3,000 ரூபாய்க்குத் தெர்மாக்கோல் பெட்டி இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் இயந்திரம்) கிடைக்கிறது. தானாக முட்டையைத் திருப்பும் இயந்திரம் 9,000 ரூபாய். எதை வாங்கலாம்? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

சிறுவிடை நன்றாக அடை காக்கும் இனம். வருடத்துக்கு இருபது முப்பது குஞ்சு போதும் என்றால் உங்களுக்கு இயந்திரமே வேண்டாம். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அடையில் உட்கார்ந்த கோழி 21 நாளும் முட்டையிடாது. அப்புறம் குஞ்சோடு திரியும் காலத்திலும் இடாது. முட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்துவிட்டால் கோழி சீக்கிரமே மறுபடி இடத் தொடங்கும். இன்குபேட்டரின் உண்மையான லாபம் இதுதான். இந்த லாபம் வேண்டும் என்றால் வாங்குங்கள்.

எத்தனை முட்டை பிடிக்கும் என்று பார்த்து வாங்காதீர்கள். அந்த எண்ணிக்கையைச் சில விற்பனையாளர்கள் காடை முட்டையை வைத்துக்கூடச் சொல்கிறார்கள். பார்க்க வேண்டியது வெப்பம் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதை. உள்ளே மின்விசிறி இருந்தால் பெட்டி முழுக்க ஒரே சூடு பரவும். அதற்கு 37.5 டிகிரி செல்சியஸ் சரி. விசிறி இல்லாத பெட்டியில் மேலே ஒரு சூடும் கீழே ஒரு சூடுமாக இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5 வரை வைக்க வேண்டும். விசிறி இல்லாததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. முட்டையைத் தானாகத் திருப்பும் வசதி, பகலில் வீட்டில் யாரும் இல்லாதவர்களுக்குக் கட்டாயம் தேவை. நீங்கள் வீட்டிலேயே இருப்பவர் என்றால் காலை, மதியம், இரவு கையால் திருப்பலாம். அப்படியானால் விசிறி உள்ள சாதாரணப் பெட்டியே போதும்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இணையக் கடைகளில் பொருளைத் திருப்பித் தரும் கெடு பெரும்பாலும் ஏழு அல்லது பத்து நாள். கோழிக்குஞ்சு பொரிய 21 நாள். இயந்திரம் கெட்டது என்று தெரியும்போது கெடு முடிந்திருக்கும், முட்டையும் போயிருக்கும். அதனால் பெட்டி வந்த அன்றே, முட்டை வைக்காமல், ஒரு முழு நாள் ஓட விடுங்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை உள்ளே முட்டை இருக்கும் உயரத்தில் வையுங்கள். அது இந்த 37, 38 டிகிரியை அளக்கவே செய்யப்பட்ட கருவி. மலிவுப் பெட்டியின் திரையைவிட அதை நம்பலாம். ஆனால் அது எட்டிய உச்சத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் உதறியோ அணைத்துப் போட்டோ புதிதாகப் பாருங்கள். தெர்மாமீட்டருக்கும் பெட்டியின் திரைக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்து, பெட்டியிலேயே திருத்தும் வசதியும் இல்லை என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள்.

ஈரப்பத மீட்டரையும் சோதிக்கலாம். ஒரு சின்ன மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் குழையும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் ஏழு குறைத்துக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 சதவீதம் ஈரம் வேண்டும்.

கேள்வி: கடையில் “நாட்டுக்கோழி முட்டை” என்று விற்கும் பழுப்பு முட்டையை வாங்கி வைத்தால் பொரியுமா? (வாசகர், தாம்பரம்)

பெரும்பாலும் பொரியாது. ஓட்டின் நிறத்துக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் முட்டைக் கோழிகளோடு சேவலே கிடையாது. அந்த முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான். பழுப்பு முட்டை இடும் பண்ணைக் கோழிகளும் உண்டு. மெய்யான நாட்டுக்கோழி முட்டையாகவே இருந்தாலும், கடையில் எத்தனை நாள் கிடந்தது, குளிர்பெட்டியில் இருந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

வாங்கும் இடத்தில் ஒரே ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கரு கூடாத முட்டையில் அது சின்னதாக, திட்டாக, ஓரம் ஒழுங்கில்லாமல் தெரியும். கரு கூடியதில் நடுவில் தெளிவும் சுற்றி வளையமுமாக வட்டமாக இருக்கும். நாலைந்து முட்டையில் இப்படிப் பார்த்தால் கண் பழகிவிடும்.

இட்ட முட்டையை ஏழு நாளுக்குள் வைத்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று நாலு நாள்தான். சூடான அறையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணல் நிரப்பிய மண்பானையின் மேல், கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பது கிராமங்களில் இன்றும் உள்ள நல்ல வழி.

கேள்வி: கூரியரில் வரவழைத்த 12 அசீல் இனக் கோழி முட்டையில் மூன்றுதான் பொரிந்தது. விற்றவர் “உங்கள் மெஷின் சரியில்லை” என்கிறார். பணத்தைக் கேட்க முடியுமா? (வாசகர், மணப்பாறை)

பொரியாத ஒன்பதும் எந்த நிலையில் நின்றன என்பதைப் பொறுத்தது. ஏழாம் நாள் இருட்டறையில் மொபைல் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உயிருள்ள முட்டையில் சிலந்தி வலை போல ரத்த நாளம் ஓடும், நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை அல்லது வழியிலேயே செத்துவிட்டது. அதற்கு உங்கள் இயந்திரம் பொறுப்பில்லை. ரத்தம் வளையமாக நின்றிருந்தால் கரு வளரத் தொடங்கிச் செத்திருக்கிறது. அதற்குக் குலுங்கல், பழைய முட்டை, சூட்டுக் கோளாறு என்று எதுவும் காரணமாகலாம், யார் மேலும் உறுதியாகப் பழி போட முடியாது. 18 நாளுக்கு மேல் முழுக் குஞ்சாகிச் செத்திருந்தால் உங்கள் பக்கத்து ஈரப்பதத்தையும் வெப்பத்தையும்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

மிச்ச முட்டைகளை இன்னும் எறியவில்லை என்றால் திறந்து பார்த்துப் படம் எடுங்கள், ஆனால் வீட்டுக்கு வெளியே வைத்து. அடுத்த தடவை பணம் அனுப்பும் முன்பே இட்ட தேதியைக் கேளுங்கள். ஏழாம் நாள் தெளிவாக நிற்கும் முட்டைக்கு மாற்று தருவீர்களா என்றும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கூரியரில் வந்த முட்டையை ஒரு நாள் கூர்முனை கீழாக அசையாமல் வைத்த பிறகே இயந்திரத்தில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், பக்கத்து ஊரில் சேவலோடு கோழி வளர்ப்பவரிடம் நேரில் போய் வாங்குவதே நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் அடிக்கடி மின்தடை. இன்வெர்ட்டர் இல்லாமல் சமாளிக்கலாமா? (வாசகி, பேராவூரணி)

ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் பயப்பட வேண்டாம். திறக்காமல் மேலே கம்பளியைப் போர்த்துங்கள். கரு கொஞ்சம் குளிரைத் தாங்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது. தினமும் பல மணி நேரம் போகும் ஊர் என்றால் 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 200 முட்டை இயந்திரம் வாங்கி ஒரு மாதத்தில் பழுதானது. “குஞ்சு விற்கத்தானே வாங்கினீர்கள், நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது” என்கிறார் கடைக்காரர். உண்மையா? (வாசகர், பொங்கலூர்)

பாதிதான் உண்மை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்புக்கு வருமானம் தேட மட்டுமே வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்கு தருகிறது. நீங்களும் வீட்டாரும் சேர்ந்து கோழி வளர்த்து அதில் குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால் தயங்காமல் கேளுங்கள். ஆள் வைத்துப் பெரிய பண்ணை நடத்துபவருக்கு இந்த வாதம் நிற்பது கஷ்டம்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். நகர்ந்து கொடுக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் இயந்திரம் வாங்காதீர்கள்.

கேள்வி: குஞ்சு ஓட்டைக் கொத்தி அரை நாள் ஆகிறது, இன்னும் வெளியே வரவில்லை. உரித்து எடுக்கலாமா? (அதே வாசகி, ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். ஒரு நாள் வரை எடுத்துக்கொள்ளும் குஞ்சுகள் உண்டு. அந்த நேரத்தில்தான் ரத்த நாளத்தின் ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் உடம்புக்குள் போய்ச் சேர்கின்றன. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டும். மூடியைத் திறந்தாலே ஈரம் போய், உள்சவ்வு காய்ந்து மற்றக் குஞ்சுகளையும் இறுக்கிவிடும். பொரிந்தவை உள்ளேயே காயட்டும், உள்ளே போன மஞ்சள் கரு முதல் ஒரு நாளுக்குத் தாராளமாகப் போதும். காய்ந்ததும் 35 டிகிரி சூடுள்ள புரூடருக்கு (குஞ்சுகளைக் கதகதப்பாக வைக்கும் அடைப்புக்கு) மாற்றித் தண்ணீர் வையுங்கள். ஏழாம் நாளுக்குள் விட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்புச் சொட்டு மருந்துக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள்.