தழும்பு இருக்கட்டும்

வணக்கம் அக்கா,

இன்னும் இரண்டு மாதத்தில் எனக்குத் திருமணம். மணக்கோலத்தில் என்னைத் தனியாக நிற்கவைத்து, அதற்கு முன்பே ஒரு நாள் படம் எடுக்கலாம் என்கிறார் போட்டோகிராபர். அந்த உடையை முன்கூட்டியே உடுத்தக் கூடாது என்கிறார் அம்மா. எனக்கும் தயக்கம்தான். நடக்காத கல்யாணத்துக்கு மணப்பெண்ணாக நிற்பது பொய் மாதிரி இல்லையா? செலவு வேறு. எடுப்பதென்றால் எப்போது எடுக்கலாம்? பரு வடு, தாடை ஓரத்து மச்சம், பருத்த கை எல்லாவற்றையும் படத்தில் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது ஒன்றுதான் ஆறுதல்.

ம.

அன்புள்ள ம.,

எடுத்துக்கொள்ளுங்கள். உடையின் அளவெல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு, திருமணத்துக்கு நாலைந்து வாரம் முன்னால் என்றால் படத்தை அச்சிட்டு வாங்கவும் நேரம் இருக்கும். கடைசி வாரம் வேண்டாம், அப்போது உங்களுக்குத் தூக்கமே இருக்காது. அம்மாவோடு சண்டைக்குப் போகாதீர்கள், அன்றைக்கு அவரையும் கூட அழைத்துப் போங்கள். செலவு உங்கள் கணக்கு, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பொய் என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். விக்டோரியா மகாராணியின் திருமணம் நடந்தது 1840 பிப்ரவரி 10 அன்று. புகைப்படக் கலையை உலகுக்கு அறிவித்ததே 1839-இல்தான், அந்தத் திருமணத்துக்குப் புகைப்படம் கிடையாது. 1847-இல், 7 வருடம் கழித்து, தன் மணக்கோலத்தை விண்டர்ஹால்ட்டர் என்ற ஓவியரை வரையச் சொல்லி, திருமண நாள் பரிசாகக் கணவர் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார். அப்புறம் 1851-இல் ஈரக் கொலோடியன் முறை வந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, கையோடு கழுவியும் ஆக வேண்டும். இருட்டறையைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு எப்படி வருவது? மணமக்கள்தான் தோதான ஒரு நாளில் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். வேறொரு நாளில் எடுத்தார்கள் என்பதால் அவையெல்லாம் பொய்ப் படங்களா?

இன்னொன்றும் இருக்கிறது. திருமணத்தன்று எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், ஆனால் நின்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்காது. என் அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்தால் எந்தப் படத்திலும் அவள் தனியாக இல்லை. யாரோ அவளிடம் எதையோ கொடுக்கிறார்கள், யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் பாதி திரும்பியிருக்கிறாள். சில வருடங்களுக்கு முன் அவள் மகள், அம்மாவை மணப்பெண்ணாகப் பெரிய படமாக மாட்ட வேண்டும் என்றாள். தேடித் தேடி, அக்கா நேராகப் பார்க்கிற ஒரே ஒரு படம் கிடைத்தது. அதுவும் கும்பலில். வெட்டினால் தோளில் ஒரு கை மிச்சம் நிற்கிறது, யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். கையை எடுத்துவிட்டார்கள். கூடவே அக்காவின் இடது புருவத் தழும்பையும் எடுத்துவிட்டார்கள்.

எனக்கு நடக்கத் தெரியாத வயதில் அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு படியில் தடுக்கி விழுந்தாள். கையை ஊன்றியிருந்தால் நான் விழுந்திருப்பேன். அவள் ஊன்றவில்லை. அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். படத்தைப் பார்த்ததும் அவள் மகள், “இது யாரு?” என்றாள். அக்கா மட்டும், “விடு, நல்லாத்தானே இருக்கு” என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அதனால்தான் உங்கள் கடைசி வரி என்னைச் சுட்டது. ஆறுதலா? உங்கள் முகத்தை அழித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், அதற்குக் காசும் வாங்குகிறார், உங்களுக்கு அது ஆறுதலா? முகத்தை ஆற அமரப் பார்ப்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்கிவிட்டு, அந்த முகத்தையே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பீர்களா? படித்த பெண், உங்களுக்குக் கோபம் வர வேண்டாமா?

திருத்துவது இன்று வந்த வழக்கமில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களிலேயே நெகட்டிவ் மேல் பென்சிலால் பூசிச் சுருக்கங்களை மறைத்தார்கள். பொறுப்பாக வேலை செய்கிறவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டு வாரத்தில் தானே மறைந்துபோகிற பருவை எடுக்கலாம், மச்சம், தழும்பு போல உடம்போடு இருப்பதைக் கேட்காமல் தொடக் கூடாது. பரு வடு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மச்சம் உங்களோடு பிறந்தது அல்லவா? அதை எடுக்கச் சொல்ல எப்படி மனம் வந்தது?

முகம் பொலிவாகத் தெரிய வேறு வழி இருக்கிறது. பெரிய ஜன்னல் பக்கமாக நில்லுங்கள், வெயில் நேரடியாக விழாத ஜன்னலாக இருக்கட்டும். அறை விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள், பகல் ஒளியும் மின்விளக்கும் கலந்தால் தோலில் நிறம் திட்டுத் திட்டாக விழும். கை பருமனாகத் தெரிகிறது என்றால் அதை உடம்போடு ஒட்டி அழுத்தாமல் கொஞ்சம் தள்ளி வைத்தாலே போதும். முதல் அரை மணி நேரப் படங்களில் முகம் இறுகித்தான் இருக்கும், பொறுமையாக இருங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்பே எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். திருத்தாத படங்களையும் சேர்த்துக் கேளுங்கள். மச்சத்தை எடுத்தே தீருவேன் என்று அவர் நின்றால், இரண்டு மாதம் இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள்.