கேள்வி – பதில்: 429 கோடியைத் தாண்டிய ஓர் எண்

கேள்வி: 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் 429,49,67,297 கிடைக்கிறது. இது பகா எண்தான் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நானும் 3 முதல் 97 வரையுள்ள பகா எண்கள் அனைத்தாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது. நண்பர் சொல்வது சரியா?
– வாசகர், தேனி

பதில்: சரியில்லை. ஆனால் நண்பர் வெட்கப்பட வேண்டியதில்லை. இதே எண்ணில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கியிருக்கிறார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 ஆகியவை வருகின்றன. ஐந்துமே பகா எண்கள் என்பதால், இவ்வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களே என்று அவர் 1640-இல் கருதினார். அடுத்து வருவதுதான் நீங்கள் கேட்கும் எண். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதை 641-ஆல் மீதியின்றி வகுத்துக் காட்டினார், ஈவு 67,00,417.

641 என்பது 116-ஆவது பகா எண். நீங்கள் 25-ஆவதான 97-இல் நின்றுவிட்டீர்கள். இன்னும் 91 வகுத்தல்கள் செய்திருந்தால் பிடிபட்டிருக்கும். அவ்வளவு பாடும் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பது பின்னாளில் ஆய்லரே நிறுவிய விதி. அவ்வகைப் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்றுதான் தொடங்குகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை வந்துவிடுகிறது. ஃபெர்மா இதை எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

நீளமான வகுத்தலே இல்லாமலும் இதைக் காட்டலாம். எனக்குப் பிடித்த வழி அதுதான். 640-இன் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைப்பது 641-ஆல் வகுபடும். ஏனெனில் எந்த எண்ணின் நான்காம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தாலும், அந்த எண்ணைவிட ஒன்று கூடுதலான எண் அதற்குக் காரணியாக இருக்கும். 640 என்பது 5 × 128 ஆதலால், அதன் நான்காம் அடுக்கு 625 × 2-இன் 28-ஆம் அடுக்கு ஆகும். மறுபுறம், 641 என்பது 625 + 16. இதை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால், முன்பு கண்ட அதே பெருக்கற்பலனோடு 2-இன் 32-ஆம் அடுக்கும் சேர்ந்து வரும். இரண்டும் 641-ஆல் வகுபடுவதால், பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து எஞ்சும் 2-இன் 32-ஆம் அடுக்கு + 1 என்பதும் வகுபட்டாக வேண்டும்.

ஈவாக வந்த 67,00,417 பகா எண்தான். அதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றே தாண்டுகிறது. மேலே சொன்ன விதி அதன் காரணிகளுக்கும் பொருந்துவதாலும், 193, 257, 449, 577 ஆகியவை மூல எண்ணையே வகுக்காததாலும், 641, 769, 1,153, 1,217, 1,409, 1,601, 2,113 ஆகிய ஏழால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 97 வரை பொறுமையாக வகுத்த உங்களுக்கு ஏழு வகுத்தல்கள் பெரிதில்லை. நண்பரையும் உடன் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.