புரோபேட் கட்டாயம் இல்லைதான், ஆனாலும் நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்

கேள்வி: மயிலாப்பூரில் அப்பா 1986-ல் தன் சம்பளப் பணத்தில் வாங்கிய வீடு இருக்கிறது. அம்மா முன்பே இறந்துவிட்டார். கடைசிவரை அப்பாவுடன் இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். 2019-ல் அப்பா வெள்ளைத் தாளில் உயில் எழுதினார். வீடு எனக்கு, வங்கி டெபாசிட் பிள்ளைகள் மூவருக்கும் சமம். பதிவு செய்யவில்லை, எக்ஸிக்யூட்டர் (உயிலை நிறைவேற்றுபவர்) என்று யாரையும் குறிப்பிடவும் இல்லை. 2026 ஜனவரியில் காலமானார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் இப்போது இல்லை. மற்றவர் அப்பாவின் நண்பர், வயது 81. பதிவு செய்யாத உயில் செல்லாது, டெபாசிட்டுக்குத் தானே நாமினி என்பதால் அது தனக்குத்தான் என்கிறார் அண்ணன். தங்கைக்கு ஆட்சேபம் இல்லை. சென்னையிலும் புரோபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) தேவையில்லை என்று சட்டம் மாறிவிட்டதாமே, பேசாமல் பட்டாவை மாற்றிக்கொண்டு இருந்துவிடலாமா?

பதில்: இருந்துவிடாதீர்கள். உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த 81 வயதுப் பெரியவர். அவர் நினைவு தெளிவாக இருக்கும்போதே அவருடைய சாட்சியம் கோர்ட்டில் பதிவாகிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

நீங்கள் கேள்விப்பட்டது சரி. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ன் 213-வது பிரிவுப்படி, சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் அசல் அதிகார எல்லைக்குள் (அவை வழக்கை நேரடியாக விசாரிக்கும் நகரப் பகுதிக்குள்) ஓர் இந்து எழுதிய உயிலை வைத்து கோர்ட்டில் உரிமை கேட்க புரோபேட் கட்டாயமாக இருந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, நிலத்தைப் பற்றிய உயிலுக்கும் இதே விதிதான். மதுரையிலோ கோவையிலோ சொத்து வைத்திருந்தவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை, மயிலாப்பூர்க்காரருக்கு உண்டு. 1870-ன் இந்து உயில்கள் சட்டக் காலத்திலிருந்து தொடர்ந்த இந்த வேறுபாட்டுக்கு இன்றைக்கு ஒரு நியாயமும் கிடையாது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது நல்ல காரியம் என்பது என் கருத்து.

ஆனால் நீங்கியது கட்டாயம் மட்டும்தான். உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அப்படியே உங்கள் தலையில் இருக்கிறது. அண்ணன் நாளைக்கே பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், அதில் உயிலை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது உயிரோடு, சாட்சி சொல்லும் நிலையில் இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றியே ஆக வேண்டும் என்கிறது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 67-வது பிரிவு. அவரும் இல்லாமல் போனால் கதவு அடைபட்டுவிடாது. சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்டி நிரூபிக்கலாம். ஆனால் அது கரடுமுரடான பாதை. “என் கண் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார், நல்ல தெளிவோடு இருந்தார்” என்று ஒருவர் நேரில் சொல்வதற்கு அது ஈடாகாது.

அண்ணன் வழக்குப் போடட்டும் என்று காத்திருந்தால் நேரம் அவர் கையில் போய்விடும். நீங்களே முந்திக்கொண்டு போனால் அது உங்கள் கையில் இருக்கும். எக்ஸிக்யூட்டர் பெயர் இல்லாததால் நீங்கள் கேட்க வேண்டியது புரோபேட் அல்ல, உயில் இணைத்த ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’, அதாவது சொத்தை நிர்வகிக்க கோர்ட் தரும் அதிகார உத்தரவு. சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அசல் உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்து விவரம், கூடவே பெரியவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும். தங்கை ஒப்புதல் பத்திரம் கொடுத்துவிடலாம், அண்ணனுக்கு நோட்டீஸ் போகும். அவர் கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால் மனு அசல் வழக்காக மாறும், காலம் இழுக்கும். அப்போதும் பெரியவரை முதலில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். நடமாட முடியாதவர் என்றால் அட்வகேட் கமிஷனரை (கோர்ட் அனுப்பும் வக்கீல்) நியமித்து வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யவும் வழியுண்டு. இந்த உத்தரவு கையில் இருந்தால் உயில் உண்மையா பொய்யா என்ற கேள்வியை இன்னொரு கோர்ட்டில் மறுபடி கிளப்ப முடியாது. நாளைக்கு வீட்டை வாங்க வருபவரின் வக்கீலும் அதைத்தான் கேட்பார். வெறும் பட்டா மாற்றத்துக்கு அந்த பலம் கிடையாது. மனுவுக்கு மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு, அதுவரை தள்ளிப்போடவும் வேண்டாம். தாமதமே சந்தேகத்தைக் கிளப்பும்.

சந்தேகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீடு முழுவதும் உங்களுக்கு, அப்பாவோடு இருந்ததும் நீங்கள். எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும். உயிலைச் சூழ்ந்த சந்தேகங்களை உயிலை முன்வைப்பவரே போக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் 2019-ஐ ஒட்டி அப்பா போட்ட கையெழுத்துகளைத் தேடி எடுங்கள். காசோலை, பென்ஷனுக்குக் கொடுத்த வாழ்வுச் சான்று, மருத்துவர் சீட்டு, எதுவானாலும் சரி. அவர் தானே வங்கிக்குப் போய்வந்தார் என்று காட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட பயன்படும். 1986 கிரயப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். வீடு அவருடைய சுய சம்பாத்தியம் என்பதற்கு அதுதான் அடித்தளம். பூர்வீகச் சொத்து என்றால் கதையே வேறு.

அண்ணன் சொல்லும் இரண்டும் சட்டப்படி நிற்காது. உயிலுக்குப் பதிவு கட்டாயமே இல்லை. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் முறைப்படி இருந்தால் வெள்ளைத் தாளே போதும். டெபாசிட்டில் நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை உள்ளவர். வாங்கியதை உயில்படி பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். பங்குப் பத்திரங்களுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்ஷூரன்ஸ் பாலிசி ஏதாவது இருந்தால் தனியாகக் கேளுங்கள், 2015 திருத்தத்துக்குப் பின் அதன் கணக்கு வேறு.

வக்கீல் நோட்டீஸ் விடுவதற்கு முன் உயிலின் நகலோடு அண்ணனை ஒருமுறை நேரில் பாருங்கள். டெபாசிட்டில் அவருக்கும் சம பங்கு இருக்கிறது, அப்பா அவரை ஒதுக்கவில்லை என்பதை அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். அவர் ஒரு ஒப்புதல் பத்திரம் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பேச்சுக்காக மனுவைத் தாமதிக்க வேண்டாம், இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கட்டும்.

நீங்களும் உயில் எழுதுங்கள், இந்த ஆண்டே. சாட்சிகள் உங்களைவிட வயதில் இளையவர்களாக இருக்கட்டும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்க வேண்டாம். எக்ஸிக்யூட்டராக ஒருவரையும், அவரால் முடியாமல் போனால் இன்னொருவரையும் குறிப்பிடுங்கள். ஒரு பிள்ளைக்கு அதிகம் கொடுத்தால் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள்.