கிட்டாரில் ஸ்கேல் வடிவங்கள் மனப்பாடம். மேஜர், மைனர், கீ மட்டும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

ஐந்து வடிவங்களும் விரலுக்குப் பழகிவிட்டன, ஆனால் எதை வாசிக்கிறேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு வருடம் அப்படித்தான் போனது. மற்ற தந்திகளை விட்டுவிட்டு ஒரே தந்தியில் உட்கார்ந்த அன்றுதான் விளங்கத் தொடங்கியது.

மெல்லிய தந்தியிலிருந்து எண்ணி இரண்டாவது தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள முதல் கட்டத்தில்) வருவது சி என்ற ஸ்வரம். அங்கிருந்து 1, 3, 5, 6, 8, 10, 12, 13 என்று மெதுவாக ஏறுங்கள். ஒரு ஃபிரெட் நகர்ந்தால் அரைப் படி, இரண்டு நகர்ந்தால் முழுப் படி. 5, 6 என்ற இடத்திலும் 12, 13 என்ற இடத்திலும் மட்டும் விரல்கள் ஒட்டி நிற்கும். மேஜர் ஸ்கேலுக்கு அடையாளமே அந்த இரண்டு இடங்கள்தான். வடிவங்களில் தந்தி மாறி மாறி வாசிக்கும்போது இது கண்ணில் படுவதே இல்லை.

என் அத்தை முறையாகப் பாட்டு கற்றவர். நான் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்தே ஸரிகம பாடிக்கொண்டு வந்தார். "சங்கராபரணம்தானேடா இது? ஒரு கட்டையில் வாசிக்கிறாய்" என்றார். அந்தப் பேச்சிலேயே எனக்கு இரண்டு சொற்கள் பிடிபட்டன. மேஜர் என்பது சங்கராபரண ராகத்தின் ஸ்வர வரிசை; கீ என்பது கட்டை, அதாவது ஸ எந்தச் சுருதியில் தொடங்குகிறது என்பது. அதே இடைவெளிகளை 3வது ஃபிரெட்டிலிருந்து தொடங்கினால் டி மேஜர், அதாவது இரண்டு கட்டை. ராகம் என்றால் கமகமும் (ஸ்வரங்களின் அசைவு) பிடிகளும் (அந்த ராகத்துக்கே உரிய ஸ்வரக் கோர்வைகள்) வேண்டும். இங்கே இருப்பது ஏறும் படிகள் மட்டுமே. ஆனாலும் சொற்களைப் புரிந்துகொள்ள இது போதும்.

இனி மைனர். முதல் வரிசையில் 5ஐ 4 ஆகவும், 10ஐ 9 ஆகவும், 12ஐ 11 ஆகவும் இறக்குங்கள். நடபைரவி ராகத்தின் ஸ்வர வரிசை வந்துவிடும். காந்தாரம், அதாவது மூன்றாவது ஸ்வரமான க, இறங்கிய உடனேயே சோகம் கவிவது கேட்கும். இன்டர்வல் என்பது இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம். ஸட்ஜத்திலிருந்து (தொடக்க ஸ்வரமான ஸ) காந்தாரம் நான்கு ஃபிரெட் தள்ளி இருந்தால் மேஜர் தேர்டு, மூன்று தள்ளி இருந்தால் மைனர் தேர்டு. ஸ, க, ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் கார்டு. அது மேஜரா மைனரா என்பதைத் தீர்மானிப்பதும் இந்தக் காந்தாரம்தான்.

ஐந்தாவது தந்தியில் 0, 2, 3, 5, 7, 8, 10, 12 வாசித்துப் பாருங்கள் (0 என்றால் எந்த ஃபிரெட்டையும் அழுத்தாமல் மீட்டுவது). இது ஏ மைனர். இதில் வருபவை எல்லாம் சி மேஜரின் ஸ்வரங்களே. ஸட்ஜம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் இதைக் கிரக பேதம் என்பார்கள். இது எனக்கு இன்றும் அலுக்காத அதிசயம்.

தினமும் பத்து நிமிடம் வாயால் பாடிக்கொண்டே வாசியுங்கள். அதன் பிறகு உங்கள் ஐந்து வடிவங்களுக்குத் திரும்பி, ஒவ்வொன்றிலும் ஸட்ஜம் எந்தெந்தத் தந்தியில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.