பஸ் ஏறும் முன் சொல்லிவிடட்டுமா?

கேள்வி: எனக்கு 22 வயது. ராஜபாளையம் பக்கம் ஊர். அப்பா மளிகைக்கடை வைத்திருக்கிறார். எனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது ப்ளஸ் டூ படிக்கும்போதே புரிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் சென்னையில் வேலைக்குச் சேர்கிறேன். இரண்டு வருடம் கழித்து அத்தை மகளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு. கிளம்பும் முன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொல்லாமல் போனால் ஏமாற்றுவதுபோல் இருக்கிறது. சொன்னால் டாக்டரிடமோ மந்திரிப்பவரிடமோ இழுத்துப் போவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கிளம்புகிற நேரத்தில் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு அம்மா என்ன செய்துகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பருப்புப் பொடியை டப்பாவில் அடைத்து, ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் வழியாமல் இருக்க மூடிக்கு மேல் பாலிதீன் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் இதைச் சொல்லிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அப்புறம் அவர் யாரிடம் பேசுவார்? அப்பாவிடம் வாய் திறக்க முடியாது. அக்கம்பக்கத்தில் கேட்கவும் முடியாது. உங்களைக் கூப்பிட்டால் நீங்கள் புது ஆபீசில் ட்ரெய்னிங்கில் உட்கார்ந்திருப்பீர்கள். சொல்வதென்றால், அவர் கேட்கிற நூறு கேள்விக்கும் பக்கத்தில் இருந்து பதில் சொல்லத் தோதான ஒரு நாளில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சொன்ன கையோடு பயணமே நின்றுபோகலாம். "வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கடையைப் பார்" என்று அப்பா சொல்லிவிட்டால் உங்கள் கையில் இன்று என்ன இருக்கிறது? சர்டிபிகேட் எல்லாம் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடும் நகைக்கடன் ரசீதோடும் இருக்கும். ஒரிஜினலை ஆபீசில் காட்டவேண்டும் என்று சொல்லி இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். சிம் கார்டு அப்பா பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தானே வருகிறது.

ஏமாற்றுவது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குத்தானே போகிறீர்கள்? ஒரு பெண்ணைக் காதலிக்கிற பையனும் நாலு மாதச் சம்பளம் வாங்கிய பிறகுதான் வீட்டில் பேச்செடுக்கிறான். அவனை யாரும் ஏமாற்றுக்காரன் என்பதில்லை. நேரம் பார்த்துச் சொல்கிற உரிமை அவனுக்கு உண்டென்றால் உங்களுக்கும் உண்டு.

டாக்டர் பயத்துக்கு வருகிறேன். இது நோயில்லை, மாற்றுவதற்கு மருந்தும் இல்லை. மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற மருத்துவர்கள்மீது நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. வயதுவந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6-ம் தேதி. கல்யாணத்துக்கு மட்டும் 2023-ல் அது வழிவிடவில்லை. மந்திரிப்பவரை எந்த ஆணையமும் கட்டுப்படுத்துவதில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் முதலில் சொந்தச் சம்பளம், சொந்த அறை என்கிறேன்.

சென்னையில் அறை கிடைப்பது உங்களுக்குக் கஷ்டம் என்றால் பேச்சுலர் என்பதால்தான் இருக்கும். (இரண்டு பையன்கள் ஒரே அறையில் தங்கினால் ஹவுஸ் ஓனர் தண்ணீர் செலவைப் பற்றித்தான் கவலைப்படுவார்.) டேட்டிங் ஆப் போடுவீர்கள், போடாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. முதல் சந்திப்பு ஆட்கள் நடமாடுகிற டீக்கடையிலோ பீச்சிலோ இருக்கட்டும். வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பிடுங்குவதற்கென்றே சிலர் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு ரூபாய் கொடுத்தாலும் நிறுத்தமாட்டார்கள். சாட் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் புகார் கொடுங்கள். உங்களைப் போன்றவர்களோடு பழக 'ஓரினம்' என்ற குழு 2003 முதல் சென்னையில் இருக்கிறது. பெற்றோர் படிக்கிற மாதிரி தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள், பின்னால் அம்மாவுக்கு உதவும். ராத்திரியில் மனசு ரொம்பக் கனத்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கடைசியாக அத்தை மகள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. அம்மாவிடம் சொல்வதைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு வருடம் அவளுக்கு வருகிற வரன்களையெல்லாம் "மாமன் மகன் இருக்கிறான்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். காரணம் சொல்லவேண்டாம், மறுப்பை மட்டும் கிளம்பும் முன் சொல்லுங்கள். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்கிற சாக்கு மட்டும் வேண்டாம். வெளியில் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "எனக்கு இப்போது கல்யாணப் பேச்சே வேண்டாம், அவளுக்கு வேறு இடம் பாருங்கள்" என்பது போதும். அப்பா சில நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அத்தை கொஞ்ச காலம் வீட்டுப் பக்கம் வரமாட்டார். பத்திரிகை அடித்த பிறகு இதைச் சொல்வதற்கு இது எவ்வளவோ தேவலை.